கடலில் ஒரு புள்ளி

ஆறாம் தொட்டியின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சேந்தன் அதன் கீழே கையை நீட்டி மூன்று துளிகளை வாங்கிப் பார்த்தான். பிறகு கையைக் காற்சட்டையில் துடைத்தான்.

“வாஷர் தேஞ்சு போச்சு. வந்து பாக்கிறன்.”

“போன கிழமையும் உதைத்தானே சொன்னனீங்கள்,” என்றாள் வதனி.

“போன கிழமை நான் கடலில நிண்டனான். இப்ப என்னைக் கரையில கட்டிப் போட்டிருக்கினம். இனிக் குழாய் திருத்துறதுதானே என்ர உத்தியோகம்.”

வதனி சிரிக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். காலை ஆறரை மணி. வட நோர்வேயின் அந்தத் தீவில் மே மாதத்துச் சூரியன் எப்போதோ எழுந்து, மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தகரக் கூரைக்கு மேலே வந்துவிட்டது. மற்றவர்கள் வேலைக்கு வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அவளுடைய வேலை தைப்பது. ஆற்றிலிருந்து கடலுக்குப் புறப்படும் சால்மன் குஞ்சுகளின் வயிற்றை ஒரு சென்ரிமீற்றர் கீறி, நெல்மணியளவு சிப் ஒன்றை உள்ளே வைத்து, இரண்டு தையல் போட்டு மூடுவாள். ஒரு குஞ்சுக்குத் தொண்ணூறு வினாடி. ஒரு தையலுக்கு இரண்டு முடிச்சுப் போதும் என்று நிலையத்தின் கையேடு சொன்னது. வதனி மூன்று போடுவாள். “மீனுக்கெல்லாம் தாலி கட்டுறாள் என்ர மனுசி,” என்று சேந்தன் படகில் சொல்லிச் சிரிப்பதாக மற்றவர்கள் வந்து சொல்வார்கள். ஆனால் அவள் தைத்த குஞ்சு ஒன்றாவது தையல் விட்டுச் செத்ததில்லை.

அந்தச் சிப்புக்கு மின்கலம் கிடையாது. அதைச் சுற்றி உயிருள்ள இரத்தம் ஓடுகிறவரை அதிலிருந்தே சக்தியை எடுத்து, துடிப்பை ஒலித்துக்கொண்டிருக்கும். இரத்தம் நின்றால் பதினொரு நிமிடத்தில் ஓய்ந்துவிடும். கடல் முழுவதும் மிதக்கும் கருவிகள் அதைக் கேட்டு, ஒவ்வொரு மீனும் எங்கே போகிறது, எங்கே சாகிறது என்று வரைபடத்தில் புள்ளியாகப் போடும். மீனுக்கு இவ்வளவு நன்றாக வேலை செய்வதை, கடலில் வேலை செய்யும் மனிதருக்கு ஏன் வைக்கக்கூடாது என்று ஒருநாள் யாரோ கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நான்கு வருடமாகக் கடலுக்குப் போகும் எல்லோருடைய கழுத்தெலும்பின் கீழும் அதே சிப் இருந்தது. தண்ணீரில் விழுந்தவர்களைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள். அந்தக் கரையில் மட்டும் பன்னிரண்டு பேர் பிழைத்தார்கள். யாரும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

பிறகு அதே சிப், சேந்தனின் இதயம் இடைக்கிடை ஒரு துடிப்பைத் தவறவிடுகிறது என்று அறிவித்தது. வைத்தியர் பார்த்து முடிக்கும்வரை படகில் ஏறக்கூடாது என்று நிலையம் உத்தரவு போட்டது.

“நல்லா யோசிச்சனீங்களோ?” என்று கேட்டாள் வதனி.

“யோசிச்சு யோசிச்சுத்தானே முப்பது வருசமாச் செய்யாமல் விட்டனான்.”

சேந்தனின் அண்ணன் வாகீசன். யுத்தத்தின் கடைசிக் கிழமையில், ஒரு மே மாதம், அவனைச் சோதனைச்சாவடியில் ஒரு பேருந்தில் ஏற்றியதை யாரோ கண்டார்கள். அதற்குப் பிறகு எவரும் காணவில்லை. மூவரிலும் மூத்தவள் பவளராணி. தம்பியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, வீதியோரக் கொட்டகையில் காணாமற்போன பிள்ளைகளின் தாய்மாரோடு ஒன்பது வருடம் இருந்தவள். பிறகுதான் சேந்தன் அவளை நோர்வேக்கு எடுப்பித்தான். திவசம் என்ற சொல்லை அவள் முன்னால் எடுக்கமுடியாது. “எள்ளுந் தண்ணியும் செத்தவனுக்கு. என்ர தம்பி சாகேல்லை,” என்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

“எனக்கும் இப்ப இதயம் ஒழுங்கா அடிக்கேல்லையாம்,” என்றான் சேந்தன், சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி. “நானும் போனால் அவனுக்கு ஆர் செய்யிறது? எங்கட சின்னப் போட்டில வடக்குப் பாறையடிக்குப் போய், எள்ளுத் தண்ணியை இறைச்சுப்போட்டு ரெண்டு மணிக்குள்ள வந்திடுவன்.”

“அக்காவிட்டைச் சொல்லிப்போட்டுப் போங்கோவன்.”

“சொன்னால் விடுவாவோ? இந்தச் சிப்போட போனால் நிலையத்தில அலாரம் அடிக்கும். அக்கான்ர போனிலயும் என்ர புள்ளி ஓடும். ரெண்டு பக்கத்தாலயும் கட்டு. நீர் எடும். ஆனா மீனுக்குத் தைக்கிற மாதிரித் தையாதையும்.”

“மீன் உங்களை மாதிரி வாய் காட்டாது.”

கீறி எடுத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். வெளியே வந்த சிப்பை வெறுமனே விட்டால் பதினொரு நிமிடத்தில் அவன் செத்ததாக நாடு முழுவதும் தெரிந்துவிடும். ஆறாம் தொட்டியிலிருந்து ஒரு குஞ்சை வலையால் அள்ளி, மயக்கத் தண்ணீரில் போட்டு, வயிற்றில் சிப்பை வைத்துத் தைத்துத் தொட்டிக்குள் திரும்ப விட்டாள். இரண்டு மணிக்கு அவன் வந்ததும் கைக்கருவியால் அந்தக் குஞ்சைத் தேடி எடுத்து, சிப்பைப் பழைய இடத்தில் வைத்துவிடலாம். சுவரிலிருந்த திரையில் எழுத்து மாறவில்லை. இலக்கம் 4117, சேந்தன், நிலையம், உயிருடன்.

“துடிப்பு நல்லா மெதுவா அடிக்குதே,” என்றாள் அவள்.

“நான் வேலையிடத்தில நித்திரை எண்டு நினைப்பினம். புதினமோ?”

அப்போது இருவரும் சிரித்தார்கள். எள்ளுப் பொட்டலத்தையும் சில்வர் தட்டையும் பைக்குள் வைத்து, “போட்டு வாறன்” என்று அவன் பின்கதவால் இறங்கிப் போனான்.

எட்டு மணிக்கு வதனி நிலையத்தின் குறிப்பேட்டைத் திறந்தாள். தினமும் காலையில் தொட்டிகளைச் சுற்றிப் பார்த்துக் குறைகளை எழுதிவைப்பது அவள் வழக்கம். யாரும் எழுதச் சொன்னதில்லை. எழுதாவிட்டால் அன்றைய வேலை தொடங்கியதாகவே அவளுக்குத் தோன்றாது. அன்றைக்கும் கை தன்பாட்டில் எழுதியது: ‘ஆறாம் தொட்டி. குழாய் சொட்டுகிறது.’ பிறகு தையல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நிலையத்தின் பொறுப்பாளர் இங்கிரிட், பதினொரு மணியளவில் அதை வாசித்தாள். வதனி எழுதுகிற எதையும் அவள் தட்டிக்கழிப்பதில்லை. குழாயைத் திருத்த வேண்டுமானால் தொட்டி காலியாக வேண்டும். எப்படியும் நாளைக்கு ஆற்றில் விடவேண்டிய குஞ்சுகள், இன்றைக்கே விட்டால் என்ன? மதியம் ஒன்றரைக்கு ஆறாம் தொட்டியின் மடையைத் திறந்தார்கள். இருநூறு குஞ்சுகள் வாய்க்கால் வழியே ஆற்றுக்குள் விழுந்து கடலைப் பார்த்துப் போயின.

வதனிக்கு அது தெரியாது. இரண்டு மணிக்குப் படகுத்துறையில் நின்றாள். இரண்டேகால் ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. தொலைபேசியை எடுத்தாள், திரும்பப் பைக்குள் வைத்தாள். சிப்பைக் கழற்றுவது குற்றம். வாய் திறந்தால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும். இயந்திரம் பழுதாகியிருக்கும், இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாம் என்று நினைத்தாள். பிறகு இன்னும் பத்து நிமிடம். தண்ணீர் நான்கு பாகைக் குளிரில் இருந்தது. அந்தத் தண்ணீர் ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் தரும் என்பது கரையில் வாழும் எவருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

மூன்று மணிக்கு மீட்புப் பிரிவை அழைத்தாள். எடுத்தவன் பதறாமல் பேசினான்.

“பயப்படாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு முன்னமே அலாரம் அடித்துவிட்டது. உங்கள் கணவர் ஆற்றுவாய்க்கு வெளியே தண்ணீரில் இருக்கிறார். துடிப்பு இருக்கிறது. படகு புறப்பட்டுவிட்டது.”

ஆற்றுவாய். வதனி திரும்பி நிலையத்தைப் பார்த்தாள். வாய்க்காலின் மடை திறந்து கிடந்தது.

“அங்கே இல்லை,” என்றாள். “வடக்குப் பாறைப் பக்கம் தேடுங்கள்.”

“புள்ளி ஆற்றுவாயில்தானே இருக்கிறது?”

“அது அவர் இல்லை.”

“அப்படியென்றால் அது யாருடைய இதயம்?”

ஒரே ஒரு வாக்கியம் போதும். நோர்வேஜிய மொழி அவளுக்கு இருபது வருடப் பழக்கம். வாய் திறந்துதான் இருந்தது. சொல் வரவில்லை. “வடக்குப் பக்கமும் பாருங்கள்,” என்று மட்டும் மறுபடியும் சொன்னாள்.

“துடிப்பு இருக்கிற இடத்தை விட்டுவிட்டு வேறெங்கே போவது?” என்றான் அவன். அதுவும் நியாயமான கேள்விதான்.

அன்று மாலை முழுவதும் மூன்று படகுகளும் ஒரு ஹெலிகொப்ரரும் ஒரு சாண் நீளக் குஞ்சைத் துரத்தின. நான்கு மணிக்கு வதனி சொல்லியிருக்கலாம். நான்கு மணிக்குச் சொன்னால், மூன்று மணிக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஐந்து மணிக்கு அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகியிருந்தது. ஆறு மணிக்கு, இனிச் சொல்லித்தான் என்ன என்று இருந்தது. இப்படித்தான் ஒவ்வொரு மணி நேரமும் முந்தைய மணி நேரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

மறுநாள் காலை ஒரு மீன்பிடிப் படகு, வடக்குப் பாறைகளுக்கிடையில் சிக்கிக் கிடந்த சின்னப் போட்டைக் கட்டி இழுத்து வந்தது. இயந்திரம் பழுதில்லை. உள்ளே மிதப்பு அங்கி, தேத்தண்ணிப் போத்தல், கழுவிக் கவிழ்த்து வைத்த ஒரு சில்வர் தட்டு. சேந்தன் இல்லை. புள்ளி அப்போது கரையைவிட்டு வெகுதூரம் போயிருந்தது. உயிருடன்.

சட்டம் தெளிவாக இருந்தது. துடிப்பு இருக்கும்வரை ஒருவரை இறந்தவராகப் பதியக்கூடாது. கடலில் மிதந்துகொண்டிருக்கும் ஒருவரை யாரும் அவசரப்பட்டுக் கைவிடக்கூடாது என்பதற்காக நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட சட்டம் அது.

இரண்டு மாதம் கழித்து இங்கிரிட் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

“இது மீனுடைய பாதை, வதனி. ஆறு மீற்றர் ஆழத்தில் போகிறது. இரவும் பகலும் போகிறது. எங்கள் பட்டியலில் இலக்கம் மாறிப்போயிருக்கலாம், எனக்குத் தெரியவில்லை. அதிகாரிகளுக்கு எழுதினேன். துடிக்கிற புள்ளியை அணைக்க யார் கையெழுத்துப் போடுவது என்று திருப்பிக் கேட்கிறார்கள். யாரும் போடமாட்டார்கள். சட்டம் எழுதியவர்கள் மீனை நினைக்கவில்லை.”

“மீன் செத்தால்?”

“பதினொரு நிமிடத்தில் அணையும். அன்றைக்கே மரணப் பத்திரம் தருவார்கள். நூறு போனால் மூன்றுதான் திரும்பும், உனக்குத் தெரியும். அநேகமாக இந்தக் குளிர்காலத்துக்குள்...” இங்கிரிட் பாதியில் நிறுத்திக்கொண்டாள். தான் சொல்வது என்ன மாதிரியான ஆறுதல் என்று அவளுக்கே காதில் விழுந்திருக்க வேண்டும்.

அந்த நேரத்திலும் வதனி சொல்லியிருக்கலாம். இங்கிரிட்டின் மேசையில் காய்ந்த பிஸ்கட் ஒன்று கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

பவளராணி முதற் கிழமையிலேயே இரண்டு பெட்டியோடு வந்து சேர்ந்திருந்தாள்.

“அவன் வரேக்க வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது,” என்றாள். “நீ வேலைக்குப் போ. நான் இருக்கிறன்.”

அதற்குப் பிறகு அந்த வீடு ஒரு நிமிடமும் பூட்டப்படவில்லை. சோறு சமைக்கும் குக்கருக்குப் பக்கத்தில் பவளராணி தன் ரப்லெற்றை நிமிர்த்தி வைத்திருப்பாள். திரையில் நீலக் கடலும் ஒரு புள்ளியும். வதனி எழுந்து வரும்போதே செய்தி காத்திருக்கும்.

“ராத்திரி நாப்பது கிலோமீற்றர் ஓடியிருக்கிறான். ஆர் துரத்தினதோ தெரியேல்லை.”

இன்னொரு நாள், “குளிருக்கு ஆழத்துக்குப் போயிட்டான் போல. என்னத்தைத் திண்டானோ. நீ சாப்பிட்டியோ?” என்பாள்.

வதனி பொட்டில்லாமல் வெளியே இறங்கினால், குங்குமச் சிமிழோடு வாசல்வரை ஓடி வருவாள். “புருசன் உயிரோட இருக்கேக்க இதென்ன கோலம்?” என்று தன் விரலாலேயே வைத்துவிடுவாள். அந்த விரலின் அழுத்தம் வேலையிடம்வரை நெற்றியில் இருக்கும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை இல்லை. ஆண்டுத் திவசம் இல்லை. சேந்தனின் சப்பாத்தை வாசலிலிருந்து எடுத்து வைக்கவும் உரிமையில்லை. யாருக்குமே தான் விதவை என்று சொல்ல முடியாது. மனைவி என்று சொல்லவும் நா எழவில்லை.

ஊரில் தமிழ்க் குடும்பங்கள் நாற்பது இருந்தன. ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கில், ஆரத்தி எடுக்கப் பவளராணி அவளை முன்னால் தள்ளினாள். வதனி தட்டை ஏந்தி நிற்கும்போது பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னது கேட்டது. “உவவின்ர மனுசன் இப்ப கிறீன்லாந்துப் பக்கம் நீந்துறாராம்.” இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். வதனிக்குக் கோபம் வரவில்லை. சபையில் உண்மையைச் சொன்னது அந்தக் குரல் ஒன்றுதான்.

அவள் அந்த மீன் சாகவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். கடல்நாய்களையும் பெரிய கொட் மீன்களையும் ஆழ்கடல் வலைகளையும் நினைத்து, ஏதாவது ஒன்று அதன் வழியில் வரட்டும் என்று வேண்டினாள். தன் கையால் தைத்த தையல், ஒரே ஒருமுறை விட்டுப்போனால் என்ன? ஏன் மூன்று முடிச்சுப் போட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு பெப்ரவரி நாள், துடிப்பின் வேகம் பாதியாக விழுந்தது. புள்ளி இரண்டு நாள் நகரவில்லை. அவள் வேலைக்குப் போகவில்லை. குக்கருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பவளராணி தேத்தண்ணி ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் காலை துடிப்பு ஏறி, புள்ளி கிழக்கே நகர்ந்தபோது இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். வதனி குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். அது நிம்மதியில் வந்த அழுகை என்று தெரிந்தபோதுதான், தான் எவ்வளவு ஆழமான குழிக்குள் கிடக்கிறோம் என்று அவளுக்கு விளங்கியது.

மே மாதத்தில் புள்ளி வீட்டைப் பார்க்கத் திரும்பியது. பிறந்த ஆற்றின் வாசனையைச் சால்மன் கடலிலேயே பிடித்துவிடும் என்பார்கள். ஜூன் முடிய, கரை ஓரமாக வந்தது. ஜூலை பதினாறாம் திகதி காலை ஆற்றுக்குள் ஏறியது.

ஆற்றின் குறுக்கே நிலையத்தின் பொறி இருந்தது. கம்பி வேலியால் ஆற்றை மறித்து, நடுவில் ஒரே ஒரு வாசல் விட்டு, அதற்குப் பின்னால் ஒரு பெட்டி. மேலே போகும் ஒவ்வொரு மீனும் அந்தப் பெட்டிக்குள் வரவேண்டும். தூக்கி, அளந்து, சிப் இருந்தால் இலக்கத்தைப் பதிந்து, மேலே விடவேண்டும். அந்தக் கோடையில் பொறியில் காலை முறை வதனியுடையது.

ஒன்பது மணிக்கு ஆற்றங்கரைப் பாதையில் பவளராணி வருவது தெரிந்தது. வீட்டைப் பூட்டாமல் வந்திருப்பாள். ரப்லெற்றைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தாள். பெட்டிக்கருகில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

“வந்திட்டானோ?”

வதனி நெம்புகோலை இறக்கினாள். பெட்டி தண்ணீர் வடிய மேலே வந்தது. உள்ளே ஒரேயொரு மீன். வெள்ளித் தகடு போன்ற உடம்பு, கை நீளம், கொழுத்த முதுகு. கைக்கருவியை அருகே கொண்டுபோனாள். 4117.

அதை மயக்கத் தொட்டியில் இறக்கிப் புரட்டினாள். வயிற்றில் ஒரு வெள்ளைத் தழும்பு, அவள் சுண்டுவிரல் நீளத்துக்கு மீனோடு சேர்ந்து வளர்ந்திருந்தது.

“மச்சாள்,” என்றாள் வதனி. “உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்.”

“மீன் எண்டோ?”

வதனி நிமிர்ந்து பார்த்தாள்.

“மனுசன் ரெண்டு வருசம் தண்ணிக்குக் கீழ இருப்பானோடி? நான் படிக்காதவள்தான். விசரி இல்லை.”

“எப்ப தெரியும்?”

“மூண்டாம் நாளே தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ எனக்குப் பொட்டு வைச்சனீங்கள்? தெரிஞ்சுகொண்டோ சபையில ஆரத்தி எடுக்க விட்டனீங்கள்?” வதனியின் குரல் அவளையும் மீறி உயர்ந்தது. “நான் செத்துக்கொண்டிருந்தனான் மச்சாள்!”

பவளராணி துவாயை அவிழ்த்து, மடித்து, மடியில் வைத்தாள்.

“வாகீசனுக்கு ஒரு புள்ளிகூட இல்லையடி,” என்றாள். “ஒன்பது வருசம் படத்தைப் பிடிச்சுக்கொண்டு, பஸ் எந்தப் பக்கம் போனது எண்டு கேட்டனான். ஒருத்தரும் சொல்லேல்லை. இவனுக்கு ஒரு புள்ளி இருந்துது. காலமை எழும்பினால் இஞ்ச நிக்கிறான் எண்டு விரல் வைக்க ஒரு இடம் இருந்துது. மீனோ மாடோ, எனக்கென்ன? அதைப் போய் நானே நிப்பாட்டுறதோ?”

மீனின் செவுள் மெல்லத் திறந்து மூடியது.

“சிப்பை எடுத்தது நான்தான்,” என்றாள் வதனி. இரண்டு வருடமாக வராத வாக்கியம், அவ்வளவு சின்னதாக இருந்தது. “அண்டைக்குக் காலமை நான்தான் வெட்டி எடுத்தனான். மீனுக்குள்ள வைச்சதும் நான்தான். ஆற்றுவாயில தேடுறாங்கள் எண்டு தெரிஞ்சும், அது மீன் எண்டு சொல்லாமல் நிண்டனான்.”

பவளராணி நிமிர்ந்தாள். “ஏன் எடுத்தனீ?”

“கடலுக்குப் போறது உங்களுக்குத் தெரியக்கூடாது எண்டவர். வாகீசண்ணைக்கு எள்ளுப் போடப் போனவர்.”

இதுதான் பவளராணிக்குத் தெரியாதது. அவள் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கி, அங்கேயே நின்றது. தான் விடாமல் பிடித்துவைத்திருந்த ஒரு தம்பிக்காக மற்றவன் ஒளித்துக் கடலுக்குப் போயிருக்கிறான். வதனி அவள் அடிப்பாள், இல்லாவிட்டால் கத்துவாள் என்று காத்திருந்தாள்.

பவளராணி கேட்டது வேறு.

“போட்டவனோ?”

“என்ன?”

“எள்ளு. போட்டு முடிச்சவனோ?”

வதனி கண்ணை மூடினாள். போட்டை இழுத்து வந்த காலை தெரிந்தது. மிதப்பு அங்கி, போத்தல், தட்டு.

“தட்டுக் கழுவிக் கவிட்டிருந்தது மச்சாள். எள்ளுப் பொட்டலம் இல்லை. முடிச்சுப்போட்டுத்தான்... பிறகுதான் ஏதோ நடந்திருக்கு.”

பவளராணி தலையை ஆட்டினாள். பல தடவை ஆட்டினாள். பிறகு மீனைக் காட்டி, “எடு,” என்றாள்.

வதனி கையுறையை மாட்டினாள். பழைய தழும்பின் மேலேயே கீறினாள். நெல்மணி உள்ளேயே, வைத்த இடத்தில் இருந்தது. அதை எடுத்துப் பவளராணியின் உள்ளங்கையில் வைத்தாள். மீனுக்கு இரண்டு தையல். ஒவ்வொன்றுக்கும் மூன்று முடிச்சு. வேறு மாதிரிக் கட்ட அவள் கைக்குத் தெரியாது. நல்ல தண்ணீரில் பிடித்து, செவுள் வேகமாக அடிக்கும்வரை காத்திருந்து, வேலிக்கு மேல்பக்கத்தில் கையைத் திறந்தாள். அது ஒருகணம் நின்று, வாலை ஒருமுறை அடித்துப் போய்விட்டது.

பிறகு இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு நிமிடம் என்பது நீண்ட நேரம். பவளராணி கையை மூடவில்லை. ஐந்தாவது நிமிடத்தில், “சின்னனில இவன் சரியான அழுகுணி,” என்றாள். எட்டாவது நிமிடத்தில், “குளிருது,” என்றாள். வதனி அவளருகே நெருங்கி உட்கார்ந்தாள். பத்து மணி ஏழு நிமிடத்துக்குப் புள்ளி அணைந்தது. நீலக் கடல் மட்டும் இருந்தது.

நிலையத்திலிருந்து இங்கிரிட் தொலைபேசியோடு ஓடி வந்தாள். “வதனி, 4117 போய்விட்டது! ஆற்றிலேயே போய்விட்டது!”

வதனி எழுந்து நின்று அதே வாக்கியத்தை நோர்வேஜிய மொழியில் சொன்னாள். இரண்டாவது தடவை அது இன்னும் கடினமாக இருந்தது. கேட்கிறவளுக்கு அதன் விலை முழுவதும் தெரியும். இங்கிரிட் ஆற்றுப் பக்கம் திரும்பினாள். “நான்தான் அந்தத் தொட்டியைத் திறக்கச் சொன்னேன்,” என்றாள், யாருக்கென்று இல்லாமல்.

விசாரணை ஒரு குளிர்காலம் நடந்தது. உயிருள்ள மீனைத் தொடும் அனுமதியை வதனியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். வேலையைவிட்டு நீக்கவில்லை, தொட்டி கழுவும் பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்கு இங்கிரிட் காரணமாக இருக்கலாம். அந்த ஊரை விட்டுப் போய்விடு என்று சிலர் சொன்னார்கள். அவள் போகவில்லை. எங்கே போனாலும் அந்த மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில்தான் இருக்கப்போகிறாள். அதற்கு இந்த ஊர் போதும்.

மரணப் பத்திரம் வந்தது. சட்டத்தின்படி சேந்தன் இறந்தது ஜூலை பதினாறு, காலை பத்து மணி ஏழு நிமிடம். இரண்டு வருடம் இரண்டு மாதம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறான். அதைத் திருத்தும்படி அவர்கள் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள், யாருடைய பெயருக்கு என்று ஐயர் கேட்டபோது, பவளராணி ஒரு பெயர்தான் சொன்னாள். மற்றத் தம்பிக்கும் சேர்த்துச் செய்யலாமே என்று ஐயர் சொல்லிப் பார்த்தார்.

“வேண்டாம்,” என்றாள். “அவனுக்குத் தம்பி செய்திட்டான்.”

வதனி இப்போதும் ஆறரைக்கு வேலைக்குப் போகிறாள். குறிப்பேடு வேறொருத்தியின் கையில் இருக்கிறது. திருத்துவதற்காகக் காலி செய்த தொட்டியை சேந்தனைத் தேடிய அன்றைய குழப்பத்தில் யாரும் திருத்தவில்லை. பிறகு யாருக்கும் அது நினைவில்லை. தூரிகையால் சுவரைத் தேய்த்துக் கழுவி, தண்ணீரை வடித்து, அடுத்த தொட்டிக்கு நகரும்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்கும். ஆறாம் தொட்டியின் குழாய் இன்னமும் சொட்டுகிறது.